பகல் தூக்கத்துக்கு ஒரு சுவர்

இரவு வார்டு முடித்து
பாலக்காட்டில் பஸ் பிடித்து
வேலந்தாவளத்தில் இறங்கி
ஒன்பதரைக்குள் படுத்துவிடுவேன்.
ஒரு மணி வரை தூக்கம் என்னுடையது.
பிறகு அது மேற்குச் சுவருடையது.

எலிப்பொறிக் கட்டு என்பார்கள் இதை.
செங்கல்லைக் கிடத்தாமல் விளிம்பில் நிறுத்தி
நடுவே மூன்று விரல் இடம் விட்டு,
கல் மிச்சம், சிமென்ட் மிச்சம், வீடும் குளிரும் என்று
எண்பத்தாறில் ஓர் ஓவர்சியர் கட்டிக்கொண்டது.
கல் மிச்சமானது உண்மை.
மார்ச் மாதம் நான்கு மணிக்கு
அதன்மேல் உள்ளங்கை வைத்தால்
டைபாய்டுக்காரன் நெற்றி.

உமி கொட்டலாம், சித்தூர் மில்லில் சும்மாவே கிடைக்கும் என்றான் தம்பி.
கரையானுக்குக் கல்யாணச் சாப்பாடு
என்றார் பொன்னுக்குட்டன் மேஸ்திரி.
கண்ணாடிப் பஞ்சு?
மூன்று விரல் சந்தில் அதை யார் திணிப்பது.
கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து
பீன் பேக்கில் அடைக்கிற தெர்மாகோல் மணி,
ஏழு மூட்டை.
சாவடிக் காவலர் ஒரு மூட்டையை
ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு
"ஒண்ணுமில்லாததுக்கா பில்லு?" என்றார்.

எங்கே பொள்ளல், எங்கே கல்?
நான்தான் தட்டினேன்.
இடக்கை நடுவிரலைச் சுவரில் பதித்து
வலக்கை நடுவிரலால் அதன்மேல் கொட்டி,
டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி.
பொம் என்றால் காற்று.
திம் என்றால் கல்.
பின்னாலேயே சாக்பீஸால் புள்ளி வைத்து வந்தார் பொன்னுக்குட்டன்.
நூற்றுப் பன்னிரண்டு புள்ளி.
கோலத்தை ஆரம்பித்த யாரோ
பாதியில் எழுந்து போனதுபோல் நின்றது சுவர்.

துளை போட்டதும் மணி விழவில்லை.
புனலில், என் புருவத்தில், அவர் மீசையில்
போய் ஒட்டிக்கொண்டது.
சோப்புத் தண்ணீர் லேசாகத் தெளித்த பிறகுதான்
சொன்ன பேச்சு கேட்டது.
சில அறைகள் இரண்டு சொம்பு குடித்தன.
ஒன்று மட்டும் அரைச் சொம்பில் வாயை மூடியது.
டார்ச் அடித்தால்
எண்பத்தாறில் எவர் கரண்டியிலிருந்தோ நழுவிய சாந்து
உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே
இறுகிக் கிடக்கிறது.
"இது பாலமாக்கும்" என்றார்.
யாருக்கு?
"மழைக்கு."

எழுபத்து நான்காவது துளைக்குள்
பல்லி முட்டை இரண்டு.
பல்லி சொன்னால்
திசை பார்ப்பார்கள், கிழமை பார்ப்பார்கள் இந்த ஊரில்.
அந்த அறையை விட்டுவிட்டோம்.
பாவம் பார்த்து இல்லை,
ஏழாவது மூட்டை தீர்ந்துகொண்டிருந்தது.

தடுப்பூசிப் பெட்டியிலிருந்து கழித்த தெர்மாமீட்டரைத்
தலைமாட்டில் தொங்கவிட்டேன்.
முன்பு முப்பத்தெட்டரை.
இப்போது முப்பத்தைந்தரை.
மூன்று டிகிரிக்கா இத்தனை பாடு என்கிறான் தம்பி.
மூன்று டிகிரி என்றால் என்னவென்று
அவனுக்குக் காய்ச்சல் வரும்போது சொல்கிறேன்.

இப்போது எங்கே தட்டினாலும் மந்தம்.
வார்டில் ஒரு முதுகில் இந்தச் சத்தம் கேட்டால்
நீர் கோத்திருக்கிறது என்று
ஊசிக்கு ஆள் அனுப்புவோம்.
இங்கே இதுதான் சுகம்.
காதுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

இடவப்பாதி வந்தது, கணவாய் வழியாகச் சாய்ந்து சாய்ந்து.
நான்காம் நாள்
ஜன்னலுக்கு இடப்பக்கம் உள்ளங்கை அளவு ஈரம்.
அதே பாலம்.
போன் செய்தேன்.
"மழை நிக்கட்டும் சிஸ்டர்" என்றார் பொன்னுக்குட்டன்.
அது எப்போது நிற்கும் என்று
இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பரவும் புண்ணுக்கு எல்லை குறிப்பதுபோல்
ஈரத்தைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டு
தேதியும் நேரமும் எழுதிவைத்தேன்.
ஞாயிறு, இரண்டு மணி.
செவ்வாய் ஒரு நூலளவு தாண்டியிருந்தது.
இன்னொரு கோடு.

இன்று வெள்ளி.
மணி இரண்டரை என்று
எழுந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.
கோட்டை அப்புறம் பார்க்கலாம்.
அந்தப் பக்கம் முதுகைக் காட்டி
திரும்பிப் படுத்தேன்.